கடல் அட்டை மாத்திரையும் அம்மாவின் ஊசியும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். புதுச்சேரியில் கீமோ ஊசி ஏற்றுகிறோம். முடி கொட்டி, சாப்பாடு இறங்காமல் துவண்டுவிட்டார். கடல் உயிரிகளின் சாறு புற்றுச்செல்களைக் கொல்வதாகச் செய்தி படித்தேன். உறவினர் ஒருவர் கடல் அட்டை மாத்திரை தருகிறேன் என்கிறார். ஊசியை நிறுத்திவிட்டு, பக்கவிளைவில்லாத அந்த இயற்கை மருந்துக்கு மாறலாமா? நம் கடலூர்க் கடலில் இத்தகைய உயிரிகள் உண்டா?

எஸ்., தேவனாம்பட்டினம்

அன்புள்ள எஸ்.,

ஊசியை நிறுத்தாதீர்கள். வாந்திக்கும் வாய்ப்புண்ணுக்கும் மருந்து உண்டு. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கடல் அட்டையைப் பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று உறவினருக்கே தெரிந்திருக்காது.

ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச்செல்லைக் கொல்வது பெரிய காரியமல்ல; பினாயிலும் கொல்லும். பக்கத்திலுள்ள நல்ல செல்லை விட்டுவைப்பதுதான் காரியம். பரங்கிப்பேட்டையில் படித்த காலத்தில், வலையில் ஏறிவந்த கடற்பஞ்சு ஒன்றை ஆசையாகக் கையில் எடுத்தேன். "போடு தம்பி, அரிக்கும்" என்று படகுக்காரர் அதட்டுவதற்குள் விரலிடுக்கெல்லாம் எரிந்தது. ஓடவும் கடிக்கவும் இயலாத அந்த உயிர், தன்னைத் தின்ன வருவனவற்றை விரட்டவே நஞ்சை வைத்திருக்கிறது. கட்டி எது, எலும்பு மஜ்ஜை எது என்று அந்த நஞ்சுக்குத் தெரியாது.

இந்தியப் பெருங்கடலில் வாழும் கடல் முயல் என்ற நத்தை இனத்திலிருந்து டோலாஸ்டாட்டின் 10 என்ற நஞ்சு எடுக்கப்பட்டது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல்களை அது உருவாகவிடாது. பிரிய முடியாமல் செல் மடியும். தனி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தபோது, உடம்பு தாங்கும் அளவில் கட்டிகள் அசையவில்லை. பிறகு அதன் சாயலில் ஒரு மூலக்கூறைச் செயற்கையாகச் செய்து, சில புற்றுச்செல்களின் மேற்பரப்பிலுள்ள சிடி30 என்ற புரதத்தைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளோடு பிணைத்து, செல்லுக்குள் நுழைந்தபின் நஞ்சு விடுபடும்படி அமைத்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இத்தனை காவலோடு அனுப்பியும் பலருக்குக் கைகால் மரத்துப்போகிறது. நீங்களோ மாத்திரைச் சாற்றில் பக்கவிளைவே இல்லை என்கிறீர்கள்!

மார்பகப் புற்றுக்கே கடல் வழி வந்த மருந்து இருக்கிறது. ஜப்பானியக் கடற்பஞ்சில் கண்ட ஹாலிகான்ட்ரின் பி என்ற பொருளைச் சுருக்கி ஆய்வகத்தில் உருவாக்கிய எரிபுலின், 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. நோய் பரவி, மற்ற மருந்துகளைப் பார்த்தபின் கொடுப்பது. அதுவும் ஊசிதான், அதற்கும் முடி கொட்டும், வெள்ளையணு குறையும். இரத்தப் புற்றுக்கு 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைட்டராபினும் கரீபியக் கடற்பஞ்சைப் பின்பற்றி உருவானதே. எந்த வார்டை விட்டு அம்மாவை அழைத்துவர நினைக்கிறீர்களோ, கடல் தந்த மருந்துகள் அங்கேதான் இருக்கின்றன.

அம்மா அந்த மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியிருந்தால், அடுத்த ஊசிக்கு முன் டப்பாவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உறவினர் மனம் கோணுமே என்று பார்க்காதீர்கள்.