புள்ளைக்கு மட்டும் இல்ல, வீட்டுக்கும் சேர்த்துதான் வைத்தியம்

புள்ளைங்க மனநலத்த பத்தி இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல அம்மாக்கள் எழுதுனது, அதுவும் ராத்திரி 1 மணி 2 மணிக்கு, வீடே தூங்குனப்புறம் போன எடுத்து டைப் பண்ணது டைம பாத்தாலே தெரியுது. யார் பேரும் போடல. சிலருக்கு ஊரையும் மாத்திட்டேன்.

கேள்வி: அக்கா வணக்கம். என் பையனுக்கு 13 வயசு, எட்டாவது படிக்கிறான். ஒரு வருஷமா கை கழுவிட்டே இருக்கான், மொதல்ல மாமியார் பாரு எவ்ளோ சுத்தமா இருக்கான்னு பெருமையா சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். இப்ப பாத்ரூம் போனா ஒன்றரை மணி நேரம், கை தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. நான் கடைக்கு போயிட்டு வந்தா குளிச்சிட்டுதான் சமையல்கட்டுக்குள்ள போகணும். அவன் தட்ட நான் மூணு தடவ கழுவணும், அவன் நின்னு பாப்பான், அப்புறம் "அம்மா சுத்தமா இருக்குல்ல"னு கேப்பான், நான் இருக்குனு சொல்லணும், சொன்ன விதம் சரியில்லன்னா மறுபடி மொதல்லேருந்து. டாக்டர் ஓசிடினு சொல்லி மாத்திரை குடுத்து மூணு வாரம் ஆச்சு, ஒண்ணும் மாறல. மாத்திரை பழகிடும் நிறுத்துனு நாத்தனார் சொல்றாங்க. பையனோட அப்பா பெல்ட்ட எடுக்குறாரு. நான் செல்லம் குடுத்து கெடுத்துட்டேன்னு எல்லாரும் பேசுறாங்க. நான் என்னதான்க்கா பண்றது? (திண்டுக்கல் வாசகி)

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த கடைசி வரிய எடுத்துடுறேன். செல்லம் குடுத்து யாருக்கும் ஓசிடி வராது. வேணாம் வேணாம்னாலும் ஒரு நெனப்பு வந்து முட்டிக்கிட்டே நிக்கும், அத அடக்க ஒரு காரியத்த திரும்பத் திரும்ப செய்யணும், அதான் இந்த நோய். எண்ணச் சுழற்சி நோய்னு தமிழ்ல சொல்றாங்க. அவன் அமைதியா இருக்குற நேரமா பாத்து கேட்டு பாருங்க, "தெரியும்மா, ஆனா முடியலம்மா"னுதான் சொல்வான். பெரும்பாலான புள்ளைங்களுக்கு இது அர்த்தமில்லாததுனு உள்ளுக்குள்ள தெரியும், அதான் கொடுமையே. பெல்ட்ட எடுத்தா பயம் ஏறும், இந்த நோய் வாழ்றதே பயத்துலதான்.

உங்க மாமியாருக்கும் ஒண்ணு சொல்லணும், அவங்க மடி ஆசாரம் பாக்குறவங்களா இருந்தா இத சுத்தம்னு நெனைக்கிறது இயல்புதான். ஆனா தீட்டுக்கு குளிச்சா குளிச்சதோட முடிஞ்சது, அவங்க வந்து காப்பி குடிச்சிட்டு பேப்பர் படிப்பாங்க. இவனுக்கு முடியவே முடியாது. வித்தியாசம் அவ்ளோதான்.

மாத்திரை விஷயம். ஓசிடிக்கு ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ரலின் மாதிரி மருந்துதான் அதிகமா குடுப்பாங்க, இது தலைவலி மாத்திரை மாதிரி அன்னிக்கே வேலை பாக்காது, 8 லேருந்து 12 வாரம் வரைக்கும் கூட ஆகும். மூணு வாரத்துல மாறலன்னு முடிவு கட்டாதீங்க. தூக்க மாத்திரை மாதிரி அடிமை ஆக்குற மருந்தும் இல்ல, ஆனா டக்குனு நிறுத்துனா தலைசுத்தல் எரிச்சல் எல்லாம் வரும், அதனால நாத்தனார் சொல்லி நிறுத்தக்கூடாது, டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். ஆரம்ப வாரங்கள்ல திடீர்னு தவிப்பு, தூக்கமே இல்லாம போறது, சாகுறத பத்தி பேசுறதுனு ஏதாவது பாத்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே சொல்லிடுங்க.

இப்ப நான் உங்ககிட்ட பேச நெனச்சது. ஒரு பேப்பர் எடுத்து, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் இந்த நோய்க்கு வேலை பாக்குறீங்கனு எழுதுங்க. புள்ளைக்கு பாக்குறது வேற, நோய்க்கு பாக்குறது வேற. குளிக்கிறது, தட்டு கழுவுறது, சுத்தமா இருக்குனு சொல்றது எல்லாம் நோய் கணக்குல எழுதுங்க. சிரங்க சொறிஞ்சா அந்த நேரத்துக்கு சொகமா இருக்கும், அப்புறம் புண்ணு பெருசாகும்ல, அதேதான். நீங்க ஒரு தடவ "சுத்தமா இருக்குடா"னு சொன்னா அவனுக்கு அஞ்சு நிமிஷம் நிம்மதி, ஆனா அம்மா சொன்னாதான் ஆபத்து இல்லனு அவன் மூளை படிச்சிக்குது. பாசத்துலதான் செய்றீங்க, எந்த அம்மாவா இருந்தாலும் செய்வா, நானா இருந்தாலும் செஞ்சிருப்பேன்.

அதுக்காக நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்திடாதீங்க, வீடு ரணகளமாயிடும். லிஸ்ட்ல இருக்குறதுலயே சின்னது ஒண்ண எடுங்க, தட்டு மூணு தடவ கழுவுறது ரெண்டு தடவ ஆகட்டும், அவ்ளோதான். அவன் நல்லா இருக்குற நேரத்துல முன்கூட்டியே சொல்லிடுங்க, "நாளையிலேருந்து ரெண்டு தடவதான் கழுவுவேன், உனக்கு கஷ்டமா இருக்கும்னு எனக்கு தெரியும், ஆனா உன்னால தாங்க முடியும்"னு. ரெண்டு பாதியும் சொல்லணும். கஷ்டம் தெரியும்னு மட்டும் சொன்னா அவன் இன்னும் பயப்படுவான், தாங்குவனு மட்டும் சொன்னா அம்மாவுக்கு புரியலனு நெனப்பான். மொத நாலஞ்சு நாள் கத்துவான், அழுவான், முன்னவிட மோசமான மாதிரி இருக்கும், அந்த நேரத்துலதான் நிறைய வீட்ல விட்டுடுறாங்க. நீங்க கத்தாதீங்க, விளக்கமும் குடுக்காதீங்க, பக்கத்துல இருங்க. பாட்டியையும் ஒப்பந்தத்துல சேத்துக்கணும், இல்லன்னா நேரா பாட்டிகிட்ட தட்ட தூக்கிட்டு போயிடுவான்.

அடுத்த தடவ டாக்டர பாக்குறப்ப மாத்திரையோட சைக்காலஜிஸ்ட்டும் வேணும், ஓசிடிக்கான பிகேவியர் தெரபி எங்க கிடைக்கும்னு நேரடியாவே கேளுங்க. பயப்படுறத கொஞ்சம் கொஞ்சமா தொட வெச்சு, கழுவாம இருக்க பழக்குற சிகிச்சை அது, மருந்துக்கு சமமா வேலை பாக்கும். மாவட்ட மனநலத் திட்டத்துல உங்க மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயே மனநல ஓபி இருக்கும். அங்க முடியலன்னா சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரி (ஐஎம்எச்), வேலூர் சிஎம்சியோட பாகாயம் சென்டர், பெங்களூர் நிம்ஹான்ஸ்.

பாகாயம்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1950கள்ல அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில வித்யா சாகர்னு ஒரு டாக்டர், நோயாளிய உள்ள விட்டுட்டு வீட்டாள திருப்பி அனுப்புற பழக்கத்த விட்டுட்டு, ஆஸ்பத்திரி மைதானத்துல கூடாரம் போட்டு குடும்பத்தையே கூட தங்க வெச்சாரு. வேலூர்லயும் அதே மாதிரி குடும்பத்தோட தங்க வெச்சு பாக்குறதுதான் வழக்கமாச்சு. அதே காலத்துல வெளிநாட்டு டாக்டருங்க பல பேரு புள்ளைக்கு மனசு கெட்டா அம்மா வளத்த லட்சணம்தான் காரணம்னு எழுதிட்டு இருந்தாங்க, பின்னாடி அது தப்புனு ஆயிடுச்சு. உங்க வீட்டு ஆளுங்க இன்னும் அந்த 1950லயே நிக்கிறாங்கனு நெனச்சுக்கோங்க!

அப்புறம் அடுத்த ஓபிக்கு அவங்க அப்பாவும் உள்ள வரணும். ஓபில நான் வேலை பாத்த வருஷமெல்லாம் அம்மாவும் புள்ளையும் உள்ள, அப்பா வெளிய டீக்கடைலனுதான் பாத்திருக்கேன். பெல்ட்டு வேணாம்னு நீங்க சொன்னா சண்ட, டாக்டர் சொன்னா கேப்பாரு, ஆம்பளைங்க அப்படித்தான்.

கேள்வி: அக்கா வணக்கமுங்க. பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேனுங்க. பொண்ணு ப்ளஸ் ஒன். போன வாரம் ஸ்கூல்ல கூப்புட்டு அவ கைய காட்டுனாங்க, கோடு கோடா கீறி வெச்சிருக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு வீட்லயே வெச்சுக்கோங்கனு சொல்றாங்க. சம்சாரம் அழுதுட்டே இருக்குது, சொந்தத்துல தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்னு. நான் இன்னும் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசலீங்க. கேட்டா நாமளே தூண்டி விட்ட மாதிரி ஆயிருமோனு பயமா இருக்குதுங்க. (திருப்பூர் வாசகர்)

பதில்: ஐயா, இன்னிக்கு சாயந்திரம் பேசிடுங்க. கேட்டா தூண்டுன மாதிரி ஆகாது, அது பலவிதமா ஆராய்ச்சி பண்ணி பாத்தாச்சு, கேக்குறதுனால அந்த எண்ணம் புதுசா வர்றதில்ல, கேட்டா பாரம்தான் கொறையும். எதிர்ல உக்காந்து கேட்டா கோர்ட்டு மாதிரி இருக்கும். வண்டில பின்னாடி உக்கார வெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டு போங்க, முகத்த பாக்காம பேசுறது இந்த வயசு புள்ளைங்களுக்கு சுலபம். "கைய பாத்தேன் கண்ணு, திட்ட வரல, மனசுல என்ன இருக்கு"னு ஆரம்பிங்க. அப்புறம் சுத்தி வளைக்காம "சாகணும்னு தோணுதா"னு கேட்டுடுங்க. கீறிக்கிற புள்ளைங்க நிறைய பேரு சாக நெனச்சு செய்றதில்ல, தாங்க முடியாத ஒண்ண வெளிய தள்ள செய்றாங்க, ஆனா நீங்களா அப்படி முடிவு பண்ணக்கூடாது.

ஆமாம்னு சொன்னா அந்த நிமிஷத்துலேருந்து தனியா விடாதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. இல்லனு சொன்னாலும் இந்த வாரத்துக்குள்ள மனநல டாக்டர். எது எப்படியோ வீட்ல இருக்குற மாத்திரை, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாம் இன்னிக்கே பூட்டி சாவிய உங்க இடுப்புல வெச்சுக்கோங்க, தோட்டத்து மருந்து வீட்டுக்குள்ள இல்லாம இருந்தா இன்னும் நல்லது. ராத்திரி எந்த நேரமானாலும் 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். புள்ளைதான் பேசணும்னு இல்ல, பயந்து போன அப்பாவும் பேசலாம்.

ஸ்கூல்ல வீட்ல வெச்சுக்கோங்கனு சொல்றது அவங்க பயத்துக்கு அவங்க தேடிக்கிட்ட மருந்து. புள்ள நாலு சுவத்துக்குள்ள தனியா உக்காந்துட்டு இருந்தா நல்லதா கெட்டதா நீங்களே யோசிங்க. டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு போங்க, புள்ளைக்கு புடிச்ச ஒரே ஒரு டீச்சர்கிட்ட மட்டும் விஷயத்த சொல்லி, முடியலன்னா கிளாஸ விட்டு எழுந்து அவங்ககிட்ட போக அனுமதி கேளுங்க. டிசிய மட்டும் நீங்களா போய் வாங்கிடாதீங்க.

போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாதவங்க இருக்காங்க. 2017 மனநலச் சட்டப்படி தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கனுதான் எடுத்துக்கணும், தண்டிக்க முடியாது. சிகிச்சை விவரத்த வெளிய சொல்லாம வெச்சுக்குறதும் அதே சட்டத்துல உரிமை. கல்யாணத்த பத்தி உங்க வீட்டம்மாகிட்ட, புள்ள பதினாறுதான் ஆகுது, அந்த கவலைய பத்து வருஷம் கழிச்சு பட்டுக்கலாம்னு சொல்லுங்க.

கேள்வி: தம்பிக்கு 17 வயசு. யாரோ பேசுற மாதிரி கேக்குதுன்னு சொன்னான், ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு, கொஞ்சம் பரவால்ல. அம்மை அவன ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டு போய் கொஞ்ச நாள் விட்டுட்டு வரணும்னு நிக்கிறாங்க. இன்னொண்ணு, சொல்லவே கூச்சமா இருக்கு. இந்த ஆறு மாசத்துல என்னைய யாரும் சாப்ட்டியானு கூட கேக்கல, எனக்கு அவன் மேல கோவம் கோவமா வருது. எனக்கும் இந்த நோய் வருமா? (நாகர்கோவில், காலேஜ் ரெண்டாம் வருஷம்)

பதில்: ஏர்வாடிக்கு போய் துவா கேட்டுட்டு அன்னிக்கே திரும்பட்டும், மாத்திரை பையிலயே இருக்கட்டும், அம்மா மனசு ஆறும்னா அதுல தப்பே இல்ல. விட்டுட்டு வர்றதுதான் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ம் தேதி அங்க தனியார் நடத்துன ஒரு கொட்டகைல தீப்புடிச்சு 28 பேரு செத்தாங்க, சங்கிலில கட்டி போட்டிருந்ததால ஓட முடியல. தர்காவ குத்தம் சொல்லல, பின்னாடி அங்கயே மருந்தும் துவாவும் ஒண்ணா குடுக்குற ஏற்பாடு வந்துச்சு. சங்கிலில கட்டுறத இப்ப அந்த 2017 மனநலச் சட்டமே தடை பண்ணிடுச்சு. 18 வயசுக்கு கீழ உள்ள புள்ளைய மனநல ஆஸ்பத்திரியில சேத்தா கூட வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும்னு அந்த சட்டம் சொல்லுது, அத அம்மாகிட்ட சொல்லும்மா. ஆஸ்பத்திரியிலயே தனியா விடக்கூடாதுங்கறப்ப முன்பின் தெரியாத இடத்துல எப்படி விடுறது?

நோய் பத்தி. இது பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் கேக்குற, இல்லாதத நம்ப வைக்கிற மனநோய்) வகையாதான் இருக்கும்னு நீ நெட்ல படிச்சு பயந்துருப்ப, அப்படியே இருந்தாலும் கூடப் பொறந்தவங்கள்ல பத்துல ஒம்பது பேருக்கு அது வர்றதில்ல. கஞ்சா பக்கம் மட்டும் போயிடாத, குடும்பத்துல இருக்குறவங்களுக்கு அது ஆபத்த ஏத்தும்.

கோவம் வரத்தான் செய்யும். வீட்ல ஒரு புள்ளைக்கு நோய் வந்தா இன்னொரு புள்ள தானாவே பெரிய மனுஷியாயிடுது, யாரும் சொல்லாமயே மார்க் வாங்குது, பாத்திரம் கழுவுது, எதுவும் கேக்காம இருக்குது, அப்பா அம்மாவும் இவ சமாளிச்சிடுவானு விட்டுடுறாங்க. வாரத்துல ஒரு மணி நேரம் எனக்கு வேணும்மானு நீயே வாய விட்டு கேளு, கோயிலுக்கோ பஜாருக்கோ அம்மாவும் நீயும் மட்டும். தம்பிய பத்தி பேசக்கூடாதுனு முன்னாடியே சொல்லிடு. காலேஜ விடாத.

கேள்வி: எங்க அண்ணன் மகனுக்கு மனசு சரியில்லனு கேள்விப்பட்டோம். அண்ணி யார்கிட்டயும் பேச மாட்டேங்குறாங்க. நாங்க என்ன பண்ணலாம்? (மதுரை வாசகி)

பதில்: டைஃபாய்டுனா ஹார்லிக்ஸ் பாட்டிலோட போயிருப்பீங்கல்ல? இதுக்கும் அப்படியே போங்க. அறிவுரை, யூடியூப் லிங்க், தெரிஞ்ச ஜோசியர் நம்பர் எல்லாத்தையும் வாசல்லயே விட்டுட்டு, ஒரு தூக்குவாளில சாம்பார் எடுத்துட்டு போங்க. "நான் ரெண்டு மணி நேரம் இங்க உக்காந்திருக்கேன் அண்ணி, நீங்க போய் தூங்குங்க"னு சொல்லுங்க. மொத தடவ வேணாம்பாங்க. அடுத்த வாரமும் போங்க.

கேள்வி: ஏடிஎச்டி (ஒரு எடத்துல உக்கார முடியாம, கவனம் நிக்காம இருக்குற பிரச்சனை) இருக்குற ஏழு வயசு பையன கல்யாண வீட்டுக்கு கூட்டிட்டு போறதா வேணாமா? போனா ஒரே ரகளை, போகலன்னா கோச்சிக்கிறாங்க. (அம்பத்தூர் வாசகி)

பதில்: போங்க. முகூர்த்தத்துக்கு முன்னாடி மண்டபத்துல நாலு ரவுண்டு ஓட விடுங்க, மொத பந்தில உக்கார வெச்சிடுங்க, பாயசம் வந்ததும் மொய் எழுதிட்டு கெளம்பிடுங்க. யாராவது என்ன புள்ள வளத்துருக்கனு கேட்டா வாயில ஜாங்கிரி இருக்குற மாதிரி தலைய மட்டும் ஆட்டுங்க.