பிறந்த குழந்தைக்கு 'கே' ஊசி: வாசகர் கேள்விகளும் குழந்தை மருத்துவர் பதில்களும்

என் தங்கைக்கு ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சுகப்பிரசவம். பையன் மூன்று கிலோ. தாய்ப்பால் மட்டும்தான், நன்றாகக் குடித்தான். நாற்பதாவது நாள் மூக்கில் லேசாக ரத்தம் வந்தது, சளி காய்ந்து கீறியிருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் பால் குடிக்கவில்லை, வீல் வீல் என்று அழுதான், அப்புறம் ஒரு பக்கம் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். "பிறந்தப்போ கே ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை, டிஸ்சார்ஜ் சீட்டிலும் இல்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். தன் பாலில்தான் குறை என்று தங்கை அழுதபடி இருக்கிறாள். எனக்கு இது எட்டாவது மாதம். நான் என்ன செய்யவேண்டும்?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

முதலில் இந்தப் பதிலை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் செய்த எதனாலும் இது வரவில்லை. கே ஊசியில் இருப்பது வைட்டமின் கே. அது தாய்ப்பாலில் எல்லாத் தாய்க்கும் குறைவுதான், லிட்டருக்கு ஒன்றிலிருந்து நான்கு மைக்ரோகிராம் வரைதான் இருக்கும். வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகவும் அது குழந்தைக்கு மிகக் கொஞ்சமாகத்தான் போகிறது. இந்த வைட்டமினை ஓரளவு தயாரித்துத் தரும் குடல் கிருமிகள் பச்சைக் குழந்தையின் வயிற்றில் இன்னும் குடியேறியிருக்காது. ஆக, பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் இந்த ஒரு சத்தில் ஏழையாகத்தான் பிறக்கிறது, பணக்கார வீட்டுக் குழந்தையும் அப்படித்தான்.

அந்தச் சத்துக்கு என்ன வேலை என்றால், ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் செய்கிறது, அவற்றில் நான்கு முக்கியமான புரதங்கள் வைட்டமின் கே இல்லாமல் வேலைக்கு ஆகாது. உடம்புக்குள் எங்காவது சின்னதாகக் கசிந்தால் நமக்கு அது தானாக அடைபடும். இந்தக் குழந்தைக்கு அடைபடாமல் கசிந்துகொண்டே இருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் 1929 வாக்கில் கொழுப்பு நீக்கிய தீனி போட்டு வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக்கசிவு வருவதைப் பார்த்துத்தான் இப்படி ஒரு சத்து இருப்பதையே கண்டுபிடித்தார். 1943-ம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இந்தக் கசிவு மூன்று காலகட்டங்களில் வரும். பிறந்த முதல் நாளிலேயே வருவது ஒன்று, அதைப் பற்றிக் கீழே வியாசர்பாடி வாசகிக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வருவது இன்னொன்று, அதில் தொப்புளில் கசியும், மலத்தில் ரத்தம் போகும், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காது. உங்கள் தங்கை மகனுக்கு வந்தது மூன்றாவது வகை. ஒரு வாரத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை வரலாம், ஆனால் பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் நடுவில், அதுவரை கொழுகொழுவென்று பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு வரும். மூன்றிலும் மோசமானது இதுதான், ஏனென்றால் இந்த வகையில் சுமார் பாதிக் குழந்தைகளுக்கு மூளையில் கசிகிறது.

இந்த மூன்றாவது வகை பல குழந்தைகளுக்கு ஒரு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் வரும். உங்கள் தங்கை மகனுக்கு அது மூக்கில் வந்த அந்த லேசான ரத்தம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, ஏனென்றால் சளி என்றுதான் யாருக்கும் தோன்றும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மூக்கில், ஈறில், தொப்புளில் காரணமில்லாமல் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் வைட்டமின் கே கொடுத்தால் சில மணி நேரத்திலேயே ரத்தம் உறையத் தொடங்கிவிடும், மூளைவரை போகாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்ட பிறகு தொடை கன்றிப்போய்ப் பெரிதாக வீங்கினாலோ, ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, தடுப்பூசியைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருக்காமல் குழந்தைக்குக் கே ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் பிரசவத்துக்கு வருவோம். ஊசி சின்னது. ஒரு மில்லிகிராம், தொடையில், வாழ்நாளில் ஒரே தடவை. ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தை என்றால் அரை மில்லிகிராம். பிறந்த சில மணி நேரத்துக்குள் போட்டுவிடுவார்கள், முதல் பால் குடித்த பிறகு போட்டாலும் சரி. பிரசவம் நடக்கும் எல்லா மையங்களிலும் எல்லாக் குழந்தைக்கும் இதைப் போடவேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியாக இருந்தாலும் தெருமுனை நர்சிங் ஹோமாக இருந்தாலும், வழியில் ஆம்புலன்ஸிலேயே பிறந்தாலும், கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: "கே ஊசி போட்டாச்சா, சீட்டில் எழுதியாச்சா?" பிரசவ வலியில் உங்களுக்கு நினைவு இருக்காது, அதனால் கூட வரும் அம்மாவிடமோ வீட்டுக்காரரிடமோ இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள். பி.சி.ஜி., மஞ்சள் காமாலை தடுப்பூசி, போலியோ சொட்டு எல்லாம் போட்டாயிற்று என்று சொல்வார்கள், பலரும் அதிலேயே இதுவும் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது தடுப்பூசி இல்லை, தனி ஊசி, தனியாகக் கேட்கவேண்டும்.

தங்கை மகனைப் பற்றி ஒன்று. மூளையில் கசிந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பினாலும் தலை சுற்றளவு, கழுத்து நிற்பது, பார்வை, கை கால் அசைவு எல்லாவற்றையும் தொடர்ந்து பார்க்கவேண்டும். கொடுத்த தேதிகளில் ஒன்றைக்கூட விடவேண்டாம். பிசியோதெரபி சொன்னால் சீக்கிரம் ஆரம்பிக்க ஆரம்பிக்கப் பலன் அதிகம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

அடுத்த வாரம் மனைவிக்குப் பிரசவம். பிறந்த அன்றே போடுகிற கே ஊசியால் ரத்தப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பச்சைக் குழந்தையைக் குத்தாமல் சொட்டு மருந்தாகக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், எண்ணூர்

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு ஒரு மூலம் இருக்கிறது. 1992-ல் பிரிட்டனில் ஒரு சிறிய ஆய்வு, தொடையில் ஊசி போட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகமாகத் தெரிவதாகச் சொன்னது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. அடுத்த வருடமே ஸ்வீடனில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள், அப்படி ஒரு தொடர்பு இல்லை. அதற்குப் பிறகு மற்ற நாடுகளில் செய்த பெரிய ஆய்வுகளும் அந்தப் பயத்தை உறுதி செய்யவில்லை. முப்பது வருடமாகிறது, ஆனால் பயம் மட்டும் ஃபோனுக்கு ஃபோன் போய்க்கொண்டே இருக்கிறது.

அந்தப் பயத்தால் என்ன ஆகிறது என்பதற்கும் பதிவு உண்டு. 2013-ல் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் சில மாதங்களுக்குள் நான்கு குழந்தைகள் இந்தக் கசிவோடு வந்தார்கள். நான்கு பேருக்கும் ஊசி போடவில்லை, பெற்றோர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், சொன்ன காரணங்களில் இந்தப் புற்றுநோய்ப் பயமும் ஒன்று. ஊசி போடாத குழந்தைக்குத் தாமதமாக வரும் இந்தக் கசிவு 81 மடங்கு அதிகம் வர வாய்ப்பு என்கிறது அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

சொட்டு மருந்து சில நாடுகளில் கொடுக்கிறார்கள். ஒரு தடவை கொடுத்தால் போதாது, வாரக்கணக்கில் தவறாமல் கொடுக்கவேண்டும், குழந்தை கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கவேண்டும். பித்தநாளத்தில், அதாவது பித்தம் குடலுக்கு வரும் குழாயில், குறை இருக்கிற குழந்தைக்கு வாயில் கொடுப்பது உடம்பில் சரியாகச் சேராது, கசிவு அதிகம் வருவதும் அந்தக் குழந்தைகளுக்குத்தான். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பிறந்த அன்று யாராலும் சொல்லமுடியாது. ஊசியே போடுங்கள். மார்பில் பால் குடிக்கும்போதே போடச் சொல்லிக் கேளுங்கள், அழுகை சீக்கிரம் அடங்கிவிடும்.

நான் தினமும் முருங்கைக்கீரை, மீன் எல்லாம் சாப்பிடுகிறேன். அது பாலில் வந்து குழந்தைக்குச் சேராதா? பவுடர் பாலில் கே சத்து இருக்கிறது என்கிறார்களே, கூடவே கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, காசிமேடு

கீரையில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது, உங்களுக்கு நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் சாப்பாட்டில் கூட்டினால் பாலில் போதுமான அளவு கூடுவதில்லை. பவுடர் பாலில் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மைதான், அதற்காகத் தாய்ப்பாலை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, ஏனென்றால் குறையை அந்த ஒரு ஊசி ஈடுகட்டிவிடுகிறது. புட்டிப்பாலால் வரும் வயிற்றுப்போக்கு நம் பக்கத்துத் தண்ணீருக்குச் சின்ன விஷயம் இல்லை.

எனக்கு ஆறாவது மாதம். டி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டில் கர்ப்பமாக இருப்பவருக்கு வலிப்பு மாத்திரை. எங்கள் மாத்திரைகளால் பிள்ளைக்கு ரத்தக்கசிவு வருமா, நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

நிறுத்தவே கூடாது, இரண்டு பேருமே. டி.பி. மாத்திரையைப் பாதியில் விட்டால் உங்களுக்கும் ஆபத்து, பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஆபத்து. வலிப்பு மாத்திரையும் அப்படித்தான், கர்ப்பத்தில் ஒரு பெரிய வலிப்பு வந்தால் தாங்காது.

டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமாஸெப்பின், ஃபீனோபார்பிட்டோன், அப்புறம் இதய வால்வுக்குக் கொடுக்கும் வார்ஃபரின், இவை குழந்தையின் வைட்டமின் கே-யை மேலும் குறைக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வரும் கசிவு பெரும்பாலும் இப்படிப்பட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குத்தான். அதனால் மாத்திரை அட்டையைப் பிரசவத்துக்குப் போகும் பையிலேயே வைத்துவிடுங்கள், லேபர் வார்டில் நுழைந்ததும் காட்டுங்கள். கடைசி மாதங்களில் உங்களுக்கே ஏதாவது கொடுக்கவேண்டுமா என்பதை அடுத்த செக்கப்பில் இப்போதே கேட்டுவையுங்கள். குழந்தை பிறந்த உடனே ஊசி போடுவதில் தாமதம் கூடாது.

பேத்திக்கு ஐம்பது நாள். உடம்பில் அங்கங்கே நீலமாகத் திட்டு. செவ்வாப்பு என்று சொல்லி எண்ணெய் தடவி, மருந்து உரைத்து ஊற்றுகிறோம். கண்ணும் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. வெயிலில் காட்டினால் போதும் என்கிறார்கள், சரியா?
– ஒரு பாட்டி, திருவொற்றியூர்

அம்மா, இதழ் வரும்வரை காத்திருக்கமுடியாது என்பதால் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டோம். மற்ற வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே, பிட்டத்தில் நீலமாக மச்சம்போல இருந்தால் கவலை வேண்டாம், நம் குழந்தைகள் பலருக்கும் உண்டு, தானாக மங்கிவிடும். ஆனால் நேற்று இல்லாத திட்டு இன்று முகத்தில், தலையில், மார்பில், கையில் வந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தமாக இருக்கலாம். எண்ணெய் அதை நிறுத்தாது, அழுத்தித் தேய்த்தால் இன்னும் கூடும்.

மஞ்சள்தான் எனக்கு அதிகக் கவலை. இரண்டு வாரத்துக்கு மேல் கண் மஞ்சளாக இருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். மலத்தின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக, களிமண் நிறத்தில் போனாலோ, மூத்திரம் துணியில் மஞ்சள் கறை பிடித்தாலோ பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கே சத்து உடம்பில் சேராது, அதனால் பிறந்தபோது ஊசி போட்ட குழந்தைக்குக்கூட இந்த நிலையில் பிறகு கசிவு வரலாம். இந்த அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை உண்டு, 60 நாளுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். ஐம்பது நாள் ஆன குழந்தைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்று சொல்ல நேரமில்லை.

குழந்தை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, கக்கிக்கொண்டே இருந்தாலோ, வெளுத்துப்போனாலோ, உச்சிக்குழி புடைத்துக்கொண்டு நின்றாலோ, ஆட்டோ பேரம் பேசவேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியோ எது சீக்கிரம் போகமுடியுமோ அங்கே போங்கள், பிறந்த ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டைக் கையோடு எடுத்துப்போங்கள், கே ஊசி போட்டதா இல்லையா என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.