கொழும்பில் உயர்தரம் படிக்கும் மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க விரும்புகிறாள். பத்திர வேலைகளை எங்கிருந்து தொடங்குவது?

பாடசாலைக் காரியாலயத்திலிருந்து. விண்ணப்பக் கட்டுரையைப் பிள்ளை இரவிரவாக இருந்தாவது எழுதி முடித்துவிடும். மற்றவர்களின் கையொப்பம்தான் அப்படிக் கிடைக்காது. என் மகன் இந்த வழியால் போனவன். பிறகு வெள்ளவத்தையில் தெரிந்த பிள்ளைகள் சிலருக்கும் உதவியிருக்கிறேன். அந்தரப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பாடசாலைக் கடிதத்துக்காகவே அந்தரப்பட்டார்கள்.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையத்தளமான காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 1இல் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள். முடிவு பல கல்லூரிகளில் டிசம்பர் நடுப்பகுதியில் வரும், சிலவற்றில் அதற்குப் பிறகு. எங்கள் உயர்தரப் பரீட்சையோ 2024இலும் 2025இலும் நவம்பரில்தான் தொடங்கியது. ஒக்டோபரில் பிள்ளை பாஸ்ட் பேப்பரோடு இருக்கும், அதிபர் அனுமதி அட்டைகளோடு இருப்பார். அந்த நேரம் பார்த்து "சேர், ஒரு சிபாரிசுக் கடிதம்" என்று போய் நிற்காதீர்கள். ஓகஸ்டிலேயே சொல்லி வையுங்கள்.

விண்ணப்பத்தில் 'கவுன்சிலர்' என்று ஒருவரைக் காட்ட வேண்டும். எங்கள் பாடசாலைகள் பலவற்றில் அது அதிபர் அல்லது உப அதிபர்தான். பாடசாலை நிரப்ப வேண்டிய படிவங்களுக்கான இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும். பாடசாலையின் பொது முகவரியைக் கொடுத்தால் அது ஸ்பாமில் கிடக்கும், ஒருவரும் திறக்கமாட்டார்கள். அவர் தன் போனில் தினமும் பார்க்கிற முகவரியைக் கேட்டு வாங்குங்கள். ஐசிடி ஆசிரியர் ஒருவர் முதல் தடவை பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நிரப்புவது அவராகவே இருக்கட்டும், நீங்கள் கை வைக்கவே கூடாது.

அடுத்தது தேர்ச்சி அறிக்கைகள். தரம் 9 முதலான தவணைப் புள்ளிகளைப் பாடசாலைக் கடிதத் தலைப்பில் ஆங்கிலத்தில் அடித்து, அதிபரின் கையொப்பமும் றப்பர் முத்திரையும் வைத்து எடுங்கள். அதன் அடியில் 75உம் அதற்கு மேலும் எங்கள் முறையில் 'ஏ' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். 76 என்பதை அமெரிக்காவில் சாதாரணமாக 'சி' என்றுதான் பார்ப்பார்கள். வகுப்பில் எத்தனை பேரில் எத்தனையாம் இடம் என்றும் சேர்த்தால் இன்னும் நல்லது.

பெயரையும் பாருங்கள். சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்தோடு, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் என்று எங்கள் ஆட்களுக்கு மூன்று பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாவற்றிலும் போடுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

நிதியுதவி கேட்பதென்றால் பல தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரோபைல் என்ற, குடும்பத்தின் வருமானம் சொத்து விவரங்களைக் கேட்கும் இணையப் படிவத்தையும் கேட்கும். அது ஒக்டோபர் 1இல் திறக்கும், கணக்கை ரூபாயிலேயே போடலாம். சம்பளக் கடிதம், வங்கிக் கூற்று, வருமான வரிப் பத்திரம் இருந்தால் அதுவும் தேவைப்படும். புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள் கணக்காளரை செப்டெம்பரிலேயே பிடிப்பது உத்தமம்.

முன்கூட்டிய விண்ணப்பத்தில் ஒரு வகை ஏர்லி டிசிஷன். அதில் இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும். பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூவரும் அதற்குக் கையொப்பம் வைக்கிறீர்கள். உதவி போதாவிட்டால் விலகலாம்தான். ஆனால் இன்னொரு கல்லூரி எவ்வளவு தரும் என்று ஒப்பிட வழியில்லை. காசுதான் தீர்மானிக்கும் என்ற குடும்பத்துக்கு நான் ஏர்லி அக்‌ஷனைத்தான் சொல்வேன், அதுவும் முன்கூட்டியே போடுவதுதான், ஆனால் கிடைத்தால் போயே ஆக வேண்டும் என்ற கட்டு இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்றவை அதிலும் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே போடக் கூடாது என்று நிபந்தனை வைக்கின்றன, வாசித்துப் பாருங்கள்.

முகவர்களுக்குக் காசு கட்ட முதல் கொழும்பு புல்பிரைட் ஆணைக்குழுவில் உள்ள எடியுகேஷன்யுஎஸ்ஏ (அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனைச் சேவை) ஆலோசகரைக் கேளுங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் கேட்கிற கல்லூரிகளுக்கு அதைக் கட்டாமல் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க முடியாது, விலக்கு கிடைத்தால் ஒழிய.