நூறு வயதுப் படம் என்றால் பதிவுச் சான்று எங்கே?

கேள்வி: புது வீட்டின் வரவேற்பறையில் மாட்டப் பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று தேடிக்கொண்டிருந்தோம். தெரிந்தவர் மூலம் ஒரு தரகர் ராமர் பட்டாபிஷேகப் படம் கொண்டுவந்து காட்டினார். செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து வந்தது, 120 ஆண்டுப் பழமை, 22 காரட் தங்கம் என்கிறார். சான்றிதழும் தருவாராம். நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தரப்போவது, அவரோ அவருக்கு வேண்டிய கடைக்காரரோ கெட்டித் தாளில் அச்சடித்து முத்திரை குத்திய ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கு மதிப்பில்லை. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய தாள் வேறு.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டைத் தொட்ட ஓவியம் தொல்பொருள். மரப்பலகையில் வரைந்ததும் அதில் சேர்த்தி. அப்படி ஒன்றை வைத்திருப்பவர் அதைத் தொல்பொருள்களுக்கான பதிவு அலுவலரிடம் பதிந்து சான்று வாங்கியிருக்க வேண்டும். இன்னொருவர் கைக்குப் போனால் அதையும் தெரிவிக்க வேண்டும். இதைத் தொழிலாக விற்பவருக்கு உரிமம் கட்டாயம். ஆகவே தரகரிடம் இரண்டே கேள்விகள்: பதிவுச் சான்று எங்கே? உங்கள் உரிமம் எங்கே?

"அதெல்லாம் சிலைக்குத்தான் சார், படத்துக்கு இல்லை" என்பார். படத்துக்கும் உண்டு. சான்று இல்லையென்றால் ஒன்று வயது பொய், இல்லை விற்பனை சட்டவிரோதம். முதலாவதில் உங்கள் பணம் போகும். இரண்டாவதில் பணத்தோடு நிம்மதியும் போகும், ஏனென்றால் விசாரணை வரும்போது படம் இருப்பது உங்கள் வீட்டுச் சுவரில். அந்தச் 'செட்டிநாட்டு வீடு' கதையையும் ஒதுக்கி வையுங்கள். தரகர்கள் கொண்டுவரும் எல்லாப் படமும் அங்கிருந்துதான் வருகிறது. அத்தனையையும் மாட்ட அந்த ஊர்களில் சுவர் போதாது.

இனி படத்தைத் திருப்பிப் பாருங்கள். வாங்க வருகிறவர்கள் முன்பக்கத்து ராமரைப் பார்த்து மயங்கி நிற்பார்கள். தரகருக்கு வேண்டியதும் அதுதான். தஞ்சாவூர் ஓவியம் என்பது பலகைப் படம். பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசிக் காயவைத்து, மக்கு என்னும் பசைக் கலவையால் நகையும் தூணும் மேடாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு என்னும் மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, அப்புறம்தான் வண்ணம். பழைய படங்களுக்குப் பெரும்பாலும் பலாப்பலகை, இன்று பிளைவுட். விளிம்பை விரலால் தடவினால் தாள் தாளாக அடுக்கு தட்டுப்படும். படம் வரைந்த பலகையே அப்படி இருந்தால் 120 ஆண்டுப் பேச்சு அங்கேயே முடிந்தது. பின்பக்கம் முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் டீத்தண்ணீரையோ சாயத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அழுக்கு மூலையில் கூடும், நடுவில் குறையும். பூச்சி அரித்த ஓட்டையும் உள்ளே வளைந்து போகும். நேராகக் குத்தியது போலிருந்தால் அது துளைக்கருவி செய்த வேலை.

ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நல்ல படத்தையும் தள்ளிவிடுவீர்கள். பழைய படத்துக்கு நடுவில் யாராவது ஃபிரேம் மாற்றியிருக்கலாம். அப்போது புதுக் கண்ணாடி, ஸ்டார் திருகாணி, பின்னால் தாங்கலுக்கு ஒரு பிளைவுட் தகடு என்று எல்லாம் வந்திருக்கும். இவற்றை வைத்துப் படம் புதிது என்று சொல்ல முடியாது. படம் இருக்கும் பலகை வேறு, அதன் முதுகில் அடித்த தகடு வேறு. திருகாணியைக் கழற்றித் தகட்டை எடுத்துவிட்டு உள்ளிருக்கும் பலகையைப் பாருங்கள். தரகர் கழற்ற விடமாட்டேன் என்றால் வேறு சோதனையே தேவையில்லை.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. ரேக்கு அசலாகவே இருக்கலாம். இன்று வரையும் நல்ல படங்களிலும் 22 காரட் ரேக்குத்தான் ஒட்டுகிறார்கள், அதனால் அது வயதுக்குச் சாட்சி அல்ல. போலி ரேக்கு நாளடைவில் மங்கிக் கறுக்கும், அசல் கறுக்காது. ஆனால் 'தங்கம் ஏற ஏறப் படமும் ஏறும்' என்ற பேச்சை நம்பாதீர்கள். ரேக்கு அவ்வளவு மெல்லியது. உருக்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. படத்தின் விலை கைவேலையில்தான் இருக்கிறது. முகத்தின் கோடு, கண்ணின் வளைவு, பட்டாபிஷேகக் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவனுக்கும் முகம் உண்டா என்பதைப் பாருங்கள். அவசரத்தில் செய்த படத்தில் பின்வரிசை முழுக்க ஒரே அச்சு முகம்.

இந்தச் சட்டத்தை நான் தாங்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாட்டி வீட்டுப் படம் கைக்கு வந்தால் 15 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஊர் திரும்புவதற்குள் யார் போய் விண்ணப்பம் எழுதுவார்கள்? இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, தெரியவைக்கவும் யாரும் மெனக்கெடுவதில்லை. கடைசியில் நேர்மையான குடும்பம் பயந்துபோய் பாட்டியின் படத்தை அடிமாட்டு விலைக்குத் தரகரிடம் தள்ளுகிறது. அவர் "புதுப்பிக்கிறேன்" என்று பழைய ரேக்கின்மேல் புது ரேக்கு ஒட்டி, உங்களைப் போன்றவரிடம் கொண்டுவருகிறார்.

வரவேற்பறைச் சுவருக்கு அழகுதான் தேவையென்றால் வயதை விட்டுவிடுங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வரைகிறவரிடமே நேரில் போய்ப் புதுப் படம் வாங்குங்கள். பலகை என்ன, ரேக்கு எத்தனை காரட், வரைந்தவர் யார், எந்த ஆண்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இதே தரகர்தான் என்று முடிவு செய்தாலும், '120 ஆண்டுப் பழமை' என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள்.

மாட்டும் இடம்: குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம், ஈரம் ஏறினால் சுண்ணப்பூச்சு உப்பிப் பெயர்ந்துவிடும். நேர் வெயிலும் படக்கூடாது. துடைப்பதென்றால் கண்ணாடியை மட்டும், உலர்ந்த துணியால்.