ரயில் சிநேகமும் லாட்ஜ் சிநேகமும்

கேள்வி: எனக்கு 24 வயது. தோள்பையை மாட்டிக்கொண்டு தனியாக ஊர் சுற்றுவேன். போன டிசம்பரில் ஹம்பி, கோகர்ணம், வர்க்கலா என்று பதினாறு நாள், எல்லா இடத்திலும் ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் ஹாஸ்டலில் எட்டுப் பேர் படுக்கும் டார்மிட்டரிதான். ஹம்பியில் ஐந்து பேர் சேர்ந்தோம், கடைசிவரை ஒன்றாகவே சுற்றினோம், உயிருக்கு உயிராகப் பழகினோம். ஊர் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சே இல்லை. நான் போட்ட போட்டோக்களுக்கு யாரும் பதில் போடவில்லை. "அதெல்லாம் ரயில் சிநேகம்டா" என்கிறார் அப்பா. அந்த நட்பு பொய்யா? இங்கே வேலூரில் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காட்பாடி

பதில்: பொய் இல்லை. ரயிலில் பக்கத்து சீட்காரர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவது வேறு, ஒரே சமையலறையில் ஒருத்தர் வெங்காயம் நறுக்க இன்னொருத்தர் பாத்திரம் தேய்த்து, யார் குறட்டை விடுவார், யார் விடியற்காலை ஐந்து மணிக்கு பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று உருட்டி எல்லாரையும் எழுப்புவார் என்பதுவரை தெரிந்து வைத்திருப்பது வேறு. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் எனக்கு வருத்தம் உங்கள் மேல்தான்.

உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கிவிட்டோம், சுருக்கியதில் விட்டுப்போன ஒரு விஷயம்தான் அந்த நாலு பக்கத்திலேயே பெரிய விஷயம். கோகர்ணத்தில் உங்களுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி, ஏணியில் ஏற முடியாமல் நின்ற உங்களுக்குத் தன் கீழ்க்கட்டிலைக் கொடுத்துவிட்டு உங்கள் மேல்கட்டிலில் போய்ப் படுத்தார் ஒருவர். காலையில் கஞ்சி வைக்கத் தெரியாமல் பழைய சோற்றை வெந்நீரில் கரைத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தாராம். அவர் பெயரை எழுதியிருக்கிறீர்கள், ஊரை எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வந்த பிறகு அவரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசியதாக எந்தப் பக்கத்திலும் இல்லை. குரூப்பில் போட்டோ போடுவது பேசுவது ஆகாது தம்பி. எல்லாருக்கும் போட்டது யாருக்கும் போட்டதில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வீர்கள்.

ஹாஸ்டல் என்ற ஏற்பாடு எப்படி வந்தது தெரியுமா? ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், 1909இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கால்நடையாகப் போன இடத்தில் இடி மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ராத்தங்கினார். அங்கே உதித்த யோசனைதான், 1912இல் அல்டேனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் முதல் நிரந்தர விடுதியாக ஆனது. ஆரம்பகால விடுதிகளில் தங்குகிறவர்களே கூட்டிப் பெருக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். ஒன்றாக வேலை செய்தால் அந்நியம் போய்விடும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

இங்கே ஆள் இல்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காட்பாடியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசல். எதிரே காந்தி ரோட்டுப் பக்கம் சந்து சந்தாக லாட்ஜ்கள், வங்காளத்தில் எழுதிய போர்டுகள். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள், வாடகைக்கு அடுப்பும் பாத்திரமும் எடுத்துச் சமைத்துக்கொண்டு. நீங்கள் தங்குகிற மாதிரி ஹாஸ்டல்களில் பல, உள்ளூர் முகவரி போட்ட ஆதாரைக் காட்டினால் இடமில்லை என்று அனுப்பிவிடுகின்றன, எனக்கு அதில் கோபம் உண்டு, அந்தப் பழக்கம்தான் வெளியூரில்தான் சிநேகம் கிடைக்கும் என்று உங்களையும் நினைக்க வைத்துவிட்டது போல.

நான் போளூர்க்காரன். சித்தப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது அம்மாவும் நானும் அந்த லாட்ஜ் ஒன்றில் இருபத்திரண்டு நாள் இருந்தோம். அடுத்த அறையில் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த ஒரு பெரியவரும் அவர் மகளும். கடுகெண்ணெய் வாசம் முதல் நாள் எனக்குக் குமட்டியது. நாலாம் நாள் அந்தப் பெண் ஒரு தட்டில் உருளைக்கிழங்கைக் கசகசா அரைத்துப் போட்டுச் செய்ததைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்லி, கொத்சு வைத்து அந்தத் தட்டிலேயே கொடுத்தனுப்பினாள். அதற்கப்புறம் அந்தத் தட்டு எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு நாளும் காலியாகப் போனதில்லை. பெரியவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது பத்துப் பன்னிரண்டு இந்தி வார்த்தைதான், மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து அதை வைத்தே பேசித் தீர்த்தோம்.

அதனால் அங்கே வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், அவர்கள் நோயோடு வந்தவர்கள். ஆட்டோக்காரரிடம் பேசித் தர, மருந்துக்கடையில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் அங்கே எப்போதும் தேவை. போன இடத்தில் உங்களுக்குக் கட்டிலைக் கொடுத்தார்களே, அந்த மாதிரிப் போங்கள்.

பெரியவர் ஊருக்குப் போன பிறகு வருஷா வருஷம் விஜயதசமி முடிந்ததும் அவரிடமிருந்து ஆங்கிலத்தில் நாலு வரி வரும், அவர்கள் பக்கத்து வழக்கம் அது. ஆறு வருஷம் வந்தது. நான் பதில் எழுதியது இரண்டே தடவை. ஏழாம் வருஷம் வரவில்லை, விசாரித்து எழுத எனக்கு முகமில்லை.

நீங்கள் இன்றைக்கு ராத்திரியே அந்தக் கீழ்க்கட்டில்காரரைக் கூப்பிடுங்கள். மெசேஜ் வேண்டாம், குரலில் பேசுங்கள். ஜனவரியில் அவருக்குப் பரீட்சை முடிவு வரும் என்று எழுதியிருந்தீர்களே, வந்ததா என்று கேளுங்கள்.