விரல் எங்க நிக்குதெண்டு கைக்கு எப்பிடித் தெரியும்? கேளுங்கோ, சொல்லுறன்

வெள்ளவத்தையில கைக்கு பிசியோ செய்யிற ஆள் நான். டொக்டர் இல்ல, அதால மருந்துப் பேர் ஒண்டும் கேக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, 100 பஸ்ஸில கொண்டக்டர் ஆக்களோட கதைச்சுக்கொண்டே பையைப் பாக்காம சரியான சில்லறையை எடுக்கிறாரே, அது எப்பிடி?

நல்ல கேள்வி தம்பி. முதல்ல ஒண்டு செய்யுங்கோ, இடக்கையால வலக்கை முழங்கைக்குக் கீழ பிடிச்சுக்கொண்டு வலக்கை விரலுகளை ஆட்டிப் பாருங்கோ, உள்ள புழு நெளியிற மாதிரி இருக்கும். விரலுக்குள்ள தசை இல்ல, மடக்கிற பெரிய தசையெல்லாம் முன்கையிலயும் கொஞ்சம் உள்ளங்கையிலயும்தான், அங்க இருந்து நார் மாதிரி தசைநாண் வந்து விரலை இழுக்குது. அந்தத் தசைக்குள்ள நூல் சுத்தின கதிர் மாதிரி சின்னச் சின்ன சென்சர் இருக்கு, தசை எவ்வளவு இழுபட்டிருக்கெண்டு மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1972ல குட்வின், மெக்லொஸ்கி, மத்தியூஸ் எண்டு மூண்டு பேர் தசைநாண்ல வைப்ரேட்டரை வச்சுப் பாத்தவை, அசையாத கை அசையிற மாதிரியே அந்த ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தசை சொல்லுறதை மூளை அவ்வளவு நம்புது. அதோட விரல் மடங்கேக்க முட்டியில தோல் இழுபடுதே, அதுவும் ஒரு செய்தி. காசு ரெண்டா அஞ்சா எண்டு பாக்கிறது விரல்நுனித் தோல்ட வேலை, ஒரு உள்ளங்கைப் பக்கத்தில மட்டும் கிட்டத்தட்ட 17,000 தொடு சென்சர் இருக்கு.

கேள்வி: மிஸ், ஏஎல் சோதனைக்கு புரொப்ரியோசெப்ஷன் எண்டா தமிழ்ல என்ன எழுதுறது?

உங்கட புத்தகத்தில இருக்கிறதை எழுதுங்கோ. கண்ணால பாக்காமலே கைகால் எங்க நிக்குதெண்டு தெரியிற உணர்வுதான் அது, மேல சொன்னதுதான். அந்தச் சொல்லை 1906ல கொண்டுவந்தவர் ஷெரிங்டன் எண்ட இங்கிலாந்து விஞ்ஞானி.

கேள்வி: அம்மாவுக்கு இரவில பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்குது, தேத்தண்ணிக் கப்பையும் கைவிடுறா. பெலன் இல்லையோ? பந்து அமத்தச் சொல்லட்டோ?

பந்து வேண்டாம்! சின்னவிரல் விறைக்கேல்லையெண்டா மணிக்கட்டில நரம்பு நெரிபடுதோ எண்டு பாக்கவேணும், அந்த ஒடுக்கமான வழியில ஒரு நரம்போட ஒம்பது தசைநாண் போகுது, அதில நீங்கள் இன்னும் இறுக்கிப் பிடிச்சா என்னாகும்? கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

கப் விழுறதுக்குப் பெலன்தான் காரணமெண்டில்ல. கப்பைத் தூக்கேக்க பாரம் ஏற ஏற பிடியும் தானா இறுகும், கொஞ்சம் வழுக்கினாலும் செக்கன்ல பத்தில ஒரு பங்குக்கும் முன்னம், உங்களுக்குத் தெரிய முதலே கை இறுக்கிப்போடும். 1984ல சுவீடன்ல யொஹான்சனும் வெஸ்ட்லிங்கும் இதைக் காட்டினவை. விரல்நுனி மரத்தா அந்தச் செய்தி வராது, அப்ப சில பேர் பயத்தில தேவைக்கு மேல இறுக்குவினம், பேப்பர் கப் நசிஞ்சு பிளேன்டீ முழுக்க சட்டையில.

கேள்வி (கொட்டாஞ்சேனை, மிருதங்கம் படிப்பிக்கிறவர்): தங்கச்சி, முப்பது வருசமா வாசிக்கிறன். முன்கை எண்டெல்லாம் சொல்லாதேங்கோ, விரலுக்கே தெரியும்.

அண்ணா, கோவிக்காம இதைச் செய்து பாருங்கோ. உள்ளங்கையை மேல வச்சு மற்ற மூண்டு விரலையும் மேசையோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு நடுவிரலை மட்டும் நடு மூட்டில நல்லா மடக்குங்கோ. இப்ப நுனியை மடக்கப் பாருங்கோ. ஏலாது. வீட்டில ஆரையும் சுண்டச் சொன்னா செத்த பல்லி வால் மாதிரி ஆடும், ஏனெண்டா அந்த நிலையில தசைக்கு நுனியில பிடியில்ல. 1976ல கண்டேவியாவும் மெக்லொஸ்கியும் இப்பிடி வச்சுத்தான் நுனி எந்தப் பக்கம் அசையுதெண்டு கேட்டவை, தசை விலகினதும் ஆக்கள் நிறையப் பிழை விட்டினம்.

அவர் திரும்ப: செய்து பாத்தன், ஆடுது. ஆனா மகன் கண்ணை மூடச் சொல்லி அசைக்க மேலயோ கீழயோ எண்டு எனக்குத் தெரிஞ்சதே!

ஓம், பெரிசா அசைச்சா தெரியும். அது மூட்டும் தோலும் சொல்லுறது, அவ்வளவுக்கு நீங்கள் சொல்லுறது சரி. மகனை மெதுவா, கொஞ்சமா அசைக்கச் சொல்லுங்கோ, பேந்து கதைப்பம். விரலை மரக்கப்பண்ணித் தசையை மட்டும் விட்டுப் பாத்தும் குறைவுதான், ரெண்டும் சேந்தாத்தான் முழுசு.

(இதுக்குக் கீழ ஒரு தையல்கார அக்காவும் இவரும் கண் தேவையோ இல்லையோ எண்டு பிடிச்ச சண்டையை நான் இங்க போடேல்ல.)

கேள்வி: இந்த உணர்வு முழுசாப் போன ஆக்கள் இருக்கினமோ?

இயன் வோட்டர்மன், இங்கிலாந்துக்காரர். 1971ல 19 வயசில ஒரு வருத்தம் வந்து கழுத்துக்குக் கீழ தொடு உணர்வும் இட உணர்வும் போட்டுது, தசையில பெலன் அப்பிடியே இருந்தும் எழும்ப ஏலாம படுத்தவர். பேந்து ஒவ்வொரு அசைவையும் கண்ணால பாத்துப் பாத்துப் பழகி நடந்தவர், லைட் நிண்டா விழுந்திடுவார். கண் தேவையெண்டு நிண்ட தையல்கார அக்கா, உங்களுக்கு ஒரு பொயின்ட்.

கேள்வி: டொக்டர், எனக்கும் விரல் விறைக்குது, என்ன எக்சசைஸ்?

டொக்டர் இல்ல. மேல வாசியுங்கோ. கிளினிக்.

கேள்வி: பந்து மெதுவானதோ இறுக்கமானதோ நல்லது?

பந்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குட்டியிட்டக் குடுங்கோ.