சத்தத்தை எதற்காக அணைத்தீர்கள்?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. வீரவநல்லூர் பக்கம் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். அப்பா இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனை நான்தான் வளர்த்தேன். இன்றுவரை என் பேச்சைத் தட்டமாட்டான். எங்கள் ஊர்க் கபடி அணியில் ஆடிக்கொண்டிருந்தவன், இரண்டு வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரு ஜிம்மில் எம்.எம்.ஏ. பழகினான், கூண்டுக்குள் குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து போடும் சண்டை. ஐந்து மாதத்துக்கு முன் கோயம்புத்தூரில் அவனுக்கு முதல் அமெச்சூர் போட்டி. மூன்று நிமிட ரவுண்டு மூன்று. அவனுடைய கார்னரில், அதாவது ரவுண்டு இடைவேளையில் அவனுக்கு யோசனை சொல்லும் மூலையில், கோச்சுடன் நானும் நின்றேன். முதல் ரவுண்டு முழுக்க அவனுடையது. இரண்டாவதில் எதிராளியை இரண்டு நிமிடம் தரையில் அமுக்கி வைத்திருந்தான். கீழே கிடந்தவன் இரண்டு தடவை கழுத்தைப் பிடிக்கப் பார்த்தான், அவ்வளவுதான். மூன்றாவதில் தம்பி கொஞ்சம் அடங்கி ஆடினான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் 29-28 என்று எதிராளிக்குக் கொடுத்துவிட்டார்கள். நண்பர் செல்போனில் எடுத்த வீடியோவை இரவில் கடை அடைத்த பிறகு, சத்தத்தை அணைத்துவிட்டு, அடி அடியாக எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறேன். தம்பி 43, எதிராளி 29. முதல் ரவுண்டில் மட்டும் 24-க்கு 7. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தம்பி இப்போது ஜிம்முக்கே போவதில்லை. இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை. சீட்டு எடுத்தாவது வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நினைக்கிறேன். நடுவர்கள் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி, ‘நடுவர் ஏமாற்றிவிட்டார்’ என்ற கடிதம் வராத மாதம் எனக்குக் கிடையாது. சிலம்பத்துக்கு வந்திருக்கிறது, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு வந்திருக்கிறது, பொங்கல் கோலப்போட்டிக்குக்கூட ஒரு அம்மா நான்கு பக்கம் எழுதியிருந்தார். எல்லோரிடமும் ஒரு கணக்கு இருக்கும். உங்கள் கணக்கை நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். 43-இல் 24 போனால் 19. 29-இல் 7 போனால் 22. அதாவது கடைசி இரண்டு ரவுண்டிலும் சேர்த்து உங்கள் தம்பி அடித்தது 19, வாங்கியது 22. உங்கள் கையெழுத்தில் உங்கள் நோட்டில் இருக்கிறது இது. கடையில் பில் போடுகிறவருக்கு இந்தக் கழித்தல் தெரியாமல் போனதா?

எம்.எம்.ஏ.யில் மொத்த அடியைக் கூட்டித் தீர்ப்புச் சொல்வதில்லை. குத்துச்சண்டையிலிருந்து வந்த பத்துப் புள்ளி முறை அது. ஒவ்வொரு ரவுண்டும் தனிச் சண்டை. ரவுண்டை வென்றவனுக்கு 10, தோற்றவனுக்குப் பெரும்பாலும் 9. நொறுக்கித் தள்ளியிருந்தால் மட்டும் 8. மூன்று ரவுண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த 29-28. முதல் ரவுண்டில் 24-க்கு 7 அடித்தவனும் 10-9, மூன்றாவதில் ஒரே ஒரு நல்ல குத்து கூடுதலாக விட்டவனும் 10-9. முதல் ரவுண்டில் மிச்சம் பிடித்ததை மூன்றாவது ரவுண்டில் செலவு செய்ய முடியாது.

அடுத்தது அந்த இரண்டு நிமிட அமுக்கல். உங்களுடையது கபடிக் கண், தம்பி. கபடியில் பாடி வந்தவனை அவன் களத்துக்குத் திரும்பவிடாமல் அமுக்கினால் புள்ளி. கூண்டுக்குள் அது எடுபடாது. 2017-இல் நடைமுறைக்கு வந்த திருத்திய பொதுவிதி நடுவர் எதை முதலில் பார்க்கவேண்டும் என்று வரிசை போட்டே சொல்கிறது. பலன் தந்த அடியும் பலன் தந்த பிடியும்தான் முதலில். அதில் இருவரும் சமம் என்றால் மட்டுமே யார் முனைந்து போனார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால்தான் யார் களத்தைத் தன் கையில் வைத்திருந்தார் என்ற கேள்வி வரும். மேலே படுத்துக் கிடப்பது மட்டும் அந்தக் கடைசிப் படியில் போய் நிற்கும். நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று தள்ளிவிட்ட அந்த இரண்டு கழுத்துப் பிடிகள் இறுகி வந்திருந்தால் முதல் படியில் நிற்கும். இரண்டாவது ரவுண்டை எதிராளிக்குக் கொடுத்த நடுவர் தூங்கவில்லை. மூன்றாம் நடுவர் உங்கள் பக்கம் கொடுத்தாரே, அவரும் தூங்கவில்லை. கூண்டின் மூன்று பக்கம் மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்று சண்டை தெரியும். 2024 ஜூனில் பூஜா தோமர், அமெரிக்க எம்.எம்.ஏ. போட்டி நிறுவனமான யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனாரே, அந்தச் சண்டையின் தீர்ப்புத் தாளைப் பாருங்கள். ஒரு நடுவர் 30-27 என்று மூன்று ரவுண்டையும் பூஜாவுக்குக் கொடுத்தார். இன்னொருவர் அதே மூன்று ரவுண்டையும் அப்படியே எதிராளிக்குக் கொடுத்தார். மூன்றாமவர் 29-28 என்று பூஜா பக்கம் சாய்ந்தார். அன்றைக்கு நாம் யாரும் நடுவர்மேல் வழக்குப் போடக் கிளம்பவில்லை.

வழக்குக்கு இரண்டு வரி போதும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சண்டைப் போட்டிகளுக்கென்று அரசு ஆணையமே இருக்கிறது. அங்கேயே தீர்ப்பு மாறவேண்டுமென்றால் நடுவர் விலைபோயிருக்கவேண்டும், இல்லை கூட்டல் தப்பியிருக்கவேண்டும், இல்லை விதியையே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கவேண்டும். ‘எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது’ என்பதற்காகத் தீர்ப்பு மாறாது. 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் குத்துச்சண்டை வீராங்கனை சரிதா தேவிக்கு அரையிறுதியில் தோல்வி என்று தீர்ப்பானபோது நாடே கொதித்தது. முறையீடு எடுபடவில்லை. அவர் மேடையிலேயே வெண்கலத்தைக் கழுத்தில் ஏற்காமல் கையில் வாங்கி எதிராளி கழுத்தில் போட்டார். ஒரு வருடத் தடைதான் மிச்சம். சீட்டுப் பணத்துக்கு உங்கள் வீட்டில் வேறு செலவு காத்திருக்கும். மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், பட்டியலே வைத்திருப்பார்.

இதெல்லாம் நீங்கள் கேட்டதற்கு. நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எதற்காக?

டி.வி.யில் வரும் சண்டையை அப்படிப் பார்க்கிறவர்கள் உண்டு. வர்ணனையாளர் யாரைப் புகழ்கிறாரோ அவர் ஜெயிப்பதாகவே நம் கண்ணுக்கும் தோன்றிவிடும், அதனால் அணைத்துவிட்டுப் புள்ளி போடுவார்கள். நல்ல வழக்கம். ஆனால் உங்களிடம் இருப்பது நண்பர் செல்போனில் எடுத்தது. அதில் வர்ணனை ஏது? கூட்டத்தின் இரைச்சல் இருக்கும், கோச்சின் குரல் இருக்கும். கார்னரில் நின்ற உங்கள் குரல் இருக்கும்.

மூன்றாவது ரவுண்டுக்கு முன் அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன். ‘ரெண்டு ரவுண்டும் நம்ம கையில இருக்குல, விழாம மட்டும் பாத்துக்கோ.’ அல்லது அதன் அண்ணன் தம்பி ஏதோ ஒன்று. முதல் ரவுண்டில் 24 அடி அடித்த பையன் மூன்றாவதில் தானாக அடங்குவானா? ‘என் பேச்சைத் தட்டமாட்டான்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அன்றைக்கும் அவன் தட்டவில்லை.

இந்த ஒரு வாக்கியத்தால் வீழ்ந்தவர்கள் பெரிய பெரிய ஆட்கள். 1999 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் ஆஸ்கர் டி லா ஹோயாவும் ஃபெலிக்ஸ் டிரினிடாடும் மோதிய குத்துச்சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ரவுண்டு. டி லா ஹோயா முன்னால் இருப்பதாக அவரும் நினைத்தார், அவருடைய கார்னரும் நினைத்தது. கடைசி ரவுண்டுகளில் விலகி விலகி ஓடினார். ஒரு நடுவர் 114-114 என்று சமன் போட்டார், மற்ற இருவரும் 115-113, 115-114 என்று டிரினிடாடுக்குக் கொடுத்தார்கள். நடுவர் தாளில் என்ன இருக்கிறது என்று கார்னரில் நிற்பவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னீர்கள். அங்கே கோச் இருந்தார். அவர் வேலை அது.

நான் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன். சுடலைமாடன் கோயில் கொடைகளில் ராத்திரி கபடிக்கு இருபது வருடத்துக்கு மேல் விசில் ஊதியிருக்கிறேன். டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கும், வில்லுப்பாட்டு ஒரு பக்கம் கேட்கும், அந்த வெளிச்சத்தில் போனஸ் கோட்டைத் தாண்டியவனின் பின்னங்கால் தரையில் இருந்ததா காற்றில் இருந்ததா என்று பார்க்கவேண்டும். தப்பாகவும் ஊதியிருக்கிறேன். ஒரு தடவை என் தப்பால் ஒரு கோப்பையே கைமாறியது. அன்றைக்குத் தோற்ற அணியின் பையன்கள் கிணற்றில் குளித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிய விடிய என்னைத் தேடியவர் கோட்டுக்கு வெளியே நின்று ‘ஏல பிடில, விடுல’ என்று தொண்டை கிழியக் கத்திய அவர்களின் பெரியப்பா. அதற்கு முந்தைய தடவை பாடிப் போனபோது, திரும்பி வரவேண்டிய பையனை உள்ளே போகச் சொல்லி மாட்டவைத்தவரும் அவரேதான். என்மேல் அவருக்கு இருந்த கோபத்தில் பாதி அவருக்கே சேரவேண்டியது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் முகம்தான் வந்தது.

சின்னவன் ஏன் பேசவில்லை என்று யோசித்தீர்களா? அவனுக்குத் தெரியும். அந்த மூன்று நிமிடமும் காலும் கையும் அவனுடையவை, சொல் உங்களுடையது. அதை வாய்விட்டுச் சொன்னால், தன்னை வளர்த்த அண்ணனைக் குற்றம் சொன்னதாக ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டிருக்கிறான். ஜிம்முக்குப் போனால் அடுத்த போட்டி வரும். வந்தால் நீங்கள் கார்னருக்கு வருவீர்கள். ‘வரவேண்டாம் அண்ணே’ என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. அதனால் விளையாட்டையே விட்டுவிட்டான். உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான், நீங்கள் கோயம்புத்தூர் நடுவரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் அப்பா. நான் இன்னும் அந்தக் காலத்து ஆள், அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை போடுகிறவன், கட்டளை தப்பினால் முதல் ஆளாக எழுந்து ‘நான் சொன்னேன்’ என்று சொல்லவேண்டும். பேச்சைத் தட்டாத பிள்ளையை வளர்த்தேன் என்று மார்தட்டுகிறவருக்கு இது இரட்டிப்புக் கடமை. ஐந்து மாதமாக நீங்கள் செய்தது அதற்கு நேர் எதிர். ராத்திரி ராத்திரியாகத் திரையைப் பார்த்து, உங்கள் வாயை மட்டும் மூடிவைத்து, மற்ற எல்லோருக்கும் மார்க் போட்டிருக்கிறீர்கள்.

இன்று கடை அடைத்ததும் அந்த மூன்றாவது ரவுண்டைச் சத்தத்தோடு ஒருமுறை கேளுங்கள். ஒரே முறை, நோட்டு இல்லாமல். பிறகு சின்னவனைக் கூப்பிட்டு, ‘மூணாவது ரவுண்டுல அடங்கச் சொன்னது நான்’ என்று சொல்லுங்கள். ‘ஆனால்’ போடாதீர்கள். நடுவரை இழுக்காதீர்கள். அம்மாவையோ மனைவியையோ பக்கத்தில் சாட்சிக்கு உட்காரவைக்காதீர்கள். அவன் எழுந்து போனால் போகட்டும், வாசல்வரை பின்னால் போகவேண்டாம்.

அவன் திரும்ப ஜிம்முக்குப் போவானா என்பது அவன் இஷ்டம். போனால் கார்னர் கோச்சுக்கு, உங்களுக்கு டிக்கெட் வாங்கிய நாற்காலி. 2009 அக்டோபரில் யு.எஃப்.சி.யில் ஷோகன் ருவாவை லியோடோ மச்சிடாவிடம் தோற்றதாக மூன்று நடுவரும் 48-47 என்று எழுதினார்கள், பார்த்தவர்கள் பலர் கூச்சல் போட்டார்கள். அடுத்த மே மாதமே மாண்ட்ரியலில் அதே மச்சிடாவை ஷோகன் முதல் ரவுண்டிலேயே சாய்த்துவிட்டார். சின்னவனுக்கும் அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் மறுபடி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை ஏற்பாடு செய்வதும் உங்கள் வேலை அல்ல.

என் ஊகம் தப்பாக இருக்கலாம். அப்படியானால் அந்த மூன்றாவது ரவுண்டில் நீங்கள் கத்தியதை வார்த்தை மாறாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.